நாற்பத்தேழாவது வாரம் ஏறியவள்

நாற்பத்தாறு வாரமாக ஊசித்தும்பி
சனிக்கோளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.
கப்பலில் எரிபொருள் தீரவில்லை.
எனக்குத்தான் தீர்ந்தது.

கேப்டன் விறல்வேந்தன் மூன்று முறை செத்தான்.
விண்கல் மோதி ஒரு முறை,
துரோகத்தால் ஒரு முறை,
நான் தூக்கக் கலக்கத்தில் எழுதியதால் ஒரு முறை.
மூன்று முறையும் திரும்பி வந்தான்
தலைமுடி கலையாமல்.

தபால்காரர் பெள்ளி முன்பெல்லாம்
கடிதங்களுக்கு ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவருவார்.
பிறகு ரப்பர் பேண்டு தேவைப்படவில்லை.
பிறகு வெறுங்கையை ஆட்டிவிட்டு
டானிங்டன் இறக்கத்தில் போய்விடுவார்.
ஆசிரியர் இருதயசாமி கோவையிலிருந்து போன் போட்டார்:
"மூணு வாரம் தர்றேன், கப்பலை எங்கியாவது எறக்கிடுங்க.
அந்தப் பக்கத்துல ஊறுகாய்க் குறிப்பு போடப் போறோம்."

பச்சைத் தோல் அரசியை ஏற்றிப் பார்த்தேன்.
கேப்டனுக்கு ஓர் இரட்டைச் சகோதரனையும்.
வந்தவர்கள் எல்லாரும் கேப்டனின் குரலிலேயே பேசினார்கள்,
அண்ணாந்து,
எங்கோ ஒரு விண்மீனைப் பார்த்தபடி.

ஐப்பசி மழை. கோத்தகிரியே தெரியவில்லை.
தேயிலைச் சரிவில் கறுப்பாக அசைந்தது
காட்டெருமையா புதரா என்று முடிவாகாத ஒரு மாலையில்
மின்வாரியத்துப் பெண் கதவைத் தட்டினாள்.
"அட்டை குடுங்க."
காலில் ஒன்று ஏற்கெனவே ஏறியிருந்தது.
அதை இரண்டு விரலால் சுண்டிவிட்டு
மீட்டர் பெட்டிக்குள் டார்ச் அடித்தாள்.
"ரெண்டு பல்பு, ஒரு மிக்ஸி. இவ்ளோ ஏன் ஓடுது?
ராத்திரியில யாரு முழிச்சிருக்கீங்க?"
"நான்தான். கப்பல் ஓட்டறேன்."
சிரிக்கவில்லை. எழுதினாள். போய்விட்டாள்.

அன்றிரவு ஊசித்தும்பியின் கதவை
யாரோ வெளியிலிருந்து தட்டினார்கள்.
வெற்றிடத்தில் சத்தம் கேட்காது, தெரியும்.
ஆனாலும் கேட்டது.
நனைந்த குடையோடு மாதி உள்ளே வந்தாள்.
குடை எப்படி நனைந்தது என்று
இதுவரை நான் விளக்கவில்லை; யாரும் கேட்கவுமில்லை.

அவள் கேப்டனிடம் கேட்ட முதல் கேள்வி:
"கீழே விழாம நிக்கறீங்களே,
இதுக்கு யாரு பில்லு கட்டறது?"

நாற்பத்தாறு வாரத்தில் முதல்முறையாக
விறல்வேந்தன் தன் சட்டைப்பையைத் தடவினான்.
அதுவரை அவனுக்குச் சட்டைப்பையே கிடையாது.
சமையல்காரன் பஷீர் வாய் திறந்தான்:
அடுப்பை நான் அளவாகத்தான் எரிக்கிறேன், கேட்டுக்கோங்க.
பொய் சொல்லத் தெரியாத எந்திரம்
ஒரு சின்னப் பொய் சொல்லிவிட்டு
விளக்கைச் சிவப்பாக்கிக்கொண்டது.

மாதி கணக்குப் போட்டாள். இடித்தது.
பதினெட்டு அறை என்றுதான் நான் எழுதியிருந்தேன்.
பத்தொன்பதாவது ஒன்று
முதல் வாரத்திலிருந்தே மின்சாரம் இழுத்துக்கொண்டிருந்தது.
கதவின் கீழே ஒரு கோடு வெளிச்சம்.
அவள் தட்டினாள்.
உள்ளே யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம்.
பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.
அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

"தொடரும்" என்ற சொல்லை
அன்றுதான் பொய்யில்லாமல் எழுதினேன்.

கட்டபெட்டிலிருந்து ஒரு கார்டு:
அந்தப் பொம்பளையை எறக்கிடாதீங்க.
குந்தாவிலிருந்து: பாக்கித் தொகை எவ்வளவு?
திருப்பூரிலிருந்து ஒருவர், நான்கு பக்கம்,
பத்தொன்பதாம் அறையில் இருப்பது தன் அண்ணன் என்று.
இருதயசாமி போன் போட்டு, வெகுநேரம் இருமிவிட்டு,
ஊறுகாய் எங்கேயும் போகாது என்றார்.

இரண்டு மாதம் கழித்து வந்தவன் வேறு ஆள்.
அந்தக்கா கூடலூருக்கு மாறிட்டாங்க என்றான்.
வர்க்கி ஒன்றை எடுத்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தான்.
"போன தடவையைவிட நூத்திப் பதினெட்டு யூனிட் கூட.
புதுசா ஏதாச்சும் மாட்டினீங்களா?"

ஓர் ஆளை என்றேன்.
அவன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.