நம்பலாமா என்று கேட்கிறது

சார்ஜ் ஏறுகிறது. மின்னல் குறி வருகிறது.
ஆனால் கணினிக்கு இந்த போனைத் தெரியாதாம்.
வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப்
பெயர் சொல்லாத விருந்தாளி மாதிரி
மேசையில் மல்லாந்து கிடக்கிறது.

ஸ்காபரோ, எல்ஸ்மியர் வீதி, ஒரு பேஸ்மென்ட்.
தை மாதம், இரவு ஒன்பதே முக்கால்.
ஜன்னல் என்று வாடகைப் பத்திரத்தில் எழுதிய சதுரத்தில்
பனி முக்கால்வாசி ஏறியாயிற்று.
நாளை பத்து மணிக்குச் சட்ட உதவி நிலையத்தில்
படங்களைப் பென் டிரைவில் கேட்கிறார்கள்.
இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள்:
குளியலறைக் கூரையில் பூஞ்சணம்,
கட்டிலுக்குப் பின்னால் பூஞ்சணம்,
என் குளிர்ச் சப்பாத்துக்குள்ளே
வெள்ளையாய், மயிர் முளைத்தமாதிரி.
ஒவ்வொன்றிலும் தேதி.

வைஃபை கடவுச்சொல்லை
மேல்வீட்டு ரவிகுலன் அண்ணை
வெள்ளிக்கிழமையே மாற்றிவிட்டார்.
டேட்டா முடிந்து ஆறு நாள்.
இந்த ஒரு முழ வயர்தான் வழி.

அணைச்சுப்போட்டுப் போடு, என்றாள் கேதாரிணி.
அணைத்துவிட்டுப் போட்டேன்.
மற்ற ஓட்டையில குத்து.
குத்தினேன். டிங் என்றது.
சந்தோசப்பட வாயைத் திறந்தேன். டுங் என்றது.
டிங், டுங். டிங், டுங்.
ட்ரைவரைப் புதுப்பி என்கிறது கணினி.
புதுப்பிக்க இணையம் வேணும் என்றும் அதுவே சொல்கிறது.
திறப்பைக் காருக்குள் வைத்துப் பூட்டினவன் கதை.

பிறகு அவள் டோர்ச் அடித்து
போனின் வாய்க்குள் பார்த்தாள்.
"என்னடி, இதுக்குள்ள ஒரு கம்பளியே கிடக்கு."
பல்லுக் குத்தும் குச்சியால் மெல்ல மெல்ல இழுத்தாள்.
நீலம். என் ஜாக்கெட் பையின் நீலம்.
மூன்று குளிர்காலத்து நீலம்
ஒரு சவ்வரிசி அளவுக்கு.
இனி வரும் என்றோம்.
வரவில்லை.

டொலர் கடை வயர்.
மின்சாரம் மட்டும் போகும், சேதி போகாது
என்று பத்தரைக்குத்தான் விளங்கியது.
ரெண்டு வகையும் ஒரே கறுப்பு, ஒரே தடிப்பு,
வெளியிலிருந்து பார்த்தால் ஆருக்குத் தெரியும்?

வெளியே மைனஸ் பத்தொன்பது. கடைகள் பூட்டு.
படியேறிக் கதவைத் தட்டினேன்.
திறந்தது அவர் இல்லை, அவர் மனுசி.
கை நிறைய மா.
போன் வயர் ஒண்டு, ஒரு மணித்தியாலத்துக்கு, என்றேன்.
எதுக்கு என்று அவ கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன்,
நல்ல பொய்யாக ஒன்று வாயில் வைத்திருந்தேன்.
சுவரிலிருந்த வெள்ளை வயரைப் பிடுங்கி
முழங்கையால் கதவைப் பிடித்தபடி தந்தா.
வயரிலும் மா.

டிங்.
காத்திருந்தோம். டுங் வரவில்லை.
போனில் ஒரு கேள்வி எழும்பியது:
இந்தக் கணினியை நம்பலாமா?
நம்பு, இடப்பக்கம். நம்பாதே, வலப்பக்கம்.
கண்ணாடி வெடித்ததும் இடப்பக்கம்.
போன மாதம் படியில் விழுந்ததிலிருந்து
அந்த மூலைக்கு விரலைத் தெரியாது.
அழுத்தினேன். தேய்த்தேன். ஊதினேன்.
எச்சில் தொட்டும் பார்த்தேன்.
நம்பாதே மட்டும் உயிரோடு மினுங்கியது.

"சரிச்சுப் பிடியன்" என்றாள் கேதாரிணி.
சரித்தேன்.
கேள்வி ஒருமுறை தள்ளாடி
மற்றப் பக்கமாய்ப் படுத்துப்
பதிலை உடையாத கண்ணாடிக்குக் கொண்டுவந்தது.

மீதி நேரம் நாலு நிமிடம் என்றது.
பிறகு இரண்டு மணித்தியாலம்.
பிறகு ஒரு நிமிடம், நெடுநேரமாய் ஒரு நிமிடம்.
எங்கள் கூரை, எங்கள் சுவர், என் சப்பாத்து,
ஒவ்வொன்றாய் அவவின் வயருக்குள்ளால் போகிறது.
தலைக்கு மேலே ரொட்டி தட்டும் சத்தம்.

பதினொன்றே முக்காலுக்கு முடிந்தது.
துடைத்துச் சுற்றினேன்.
முனையின் விளிம்பில் மா போகவில்லை.
இண்டைக்கே குடு, லைட் எரியுது, என்கிறாள் கேதாரிணி.
நாளைக்குப் பிறகு எந்த முகத்தோட என்று
அவள் சொல்லவில்லை.

நாலாம் படியில் நிற்கிறேன்,
போன் விழுந்த அதே படி.
ஒரு மணித்தியாலம் என்றுதான் கேட்டேன்.
ஒன்றேகால் ஆகிறது.