மீதி நான்கு டாலர்

ஈரி ஏரிக்குத் தெற்கே இருபது மைல்.
மக்காச்சோள வயல் ஒன்றை மழித்துத் தார் ஊற்றி
எண்ணூறு கார்களுக்குக் கோடு போட்டார்கள்.
சுவரில் ஆளுயரச் சிவப்பெழுத்து: டில்பெக்ஸ்.
அது அறுபத்து நான்கு. திறப்பு விழாவுக்குக்
கவர்னர் வருவதாகச் சொல்லி வரவில்லை.
துணி துவைக்கும் இயந்திரங்கள் மட்டும்
மத்தியானத்துக்குள் தீர்ந்துபோயின.

நான் சேர்ந்தது எழுபத்து மூன்றில்.
கையில் விலை ஒட்டும் துப்பாக்கி கொடுத்தார்கள்.
க்ளிக்.
உள்பாவாடை, தூண்டில், டயர், தங்கமீன் தொட்டி,
ஈஸ்டருக்குச் சாயம் தோய்த்த கோழிக்குஞ்சு
(குஞ்சின் மேல் அல்ல, கூண்டின் மேல்).
க்ளிக். தூக்கத்திலும் என் ஆள்காட்டி விரல் மடங்கும் என்பான்
என் கணவன் எமில்.

வியாழன் நாலு மணிக்கு
மேலாளர் வெண்டல் பித்தளை மணியை அடிப்பார்.
எந்த வரிசையில் பாதி விலை என்று
அடிக்கும் வரை அவருக்கே தெரியாது.
உருக்காலையில் ஷிஃப்ட் முடித்த ஆண்கள்
பூட்ஸ் காலோடு ஓடுவார்கள், தலையணை உறைக்கு.
அந்த ஊரில் பணம் இல்லை என்பதை
சிரித்துக்கொண்டே ஓடிக் காட்டிய ஒரே இடம் அது.

நூற்றுப் பன்னிரண்டு கடை ஆனோம்.
டில்பெக்கின் மகன் ஹெலிகாப்டர் வாங்கினான்.
அதற்கு மட்டும் நான் விலை ஒட்டவில்லை.

பிறகு உருக்காலை அணைந்தது.
ஒன்பது மைல் தள்ளி வேறொருவன் கடை திறந்தான்,
எங்களுடையதைப் போல நாலு மடங்கு.
அங்கே மணி கிடையாது.
எந்நேரமும் வியாழன் நாலு மணி.

எங்கள் கூரை ஒழுகியது. வாளி வைத்தோம்.
வாளியிலும் விலை இருந்தது; ஒரு கிழவர்
தண்ணீரைக் கொட்டிவிட்டு வாங்கிப் போனார்.

இரண்டாயிரத்து இரண்டில்
முடித்துக் கொடுக்கவென்றே பாஸ்டனிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.
முப்பது, ஐம்பது, எழுபது, தொண்ணூறு.
விலை மேல் விலை ஒட்டினேன்.
ஒரு வாணலியின் அடியை நகத்தால் சுரண்டினால்
ஐந்து விலை. ஐந்தும் என் கை.

தவணை அறையை நான்தான் காலி செய்தேன்.
கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, முடிந்ததும்
வாங்கிப்போகிற சாமான்கள்.
மேல்தட்டில், சுவரோரம், பழுப்புத் தாளில் ஒரு பொட்டலம்:
பச்சை நிறக் குளிர்கோட்டு, ஆறு வயதுக்கு.
அட்டையில் கொரின் வஸ்யூட்டா. நவம்பர் எண்பத்திரண்டு.
பதினைந்தில் பதினொன்று கட்டியிருக்கிறாள்.
மீதி நான்கு.

தொண்ணூறு சதம் போக
கோட்டின் இன்றைய விலை ஒன்றரை.
அப்படியானால் கடைதான் அவளுக்கு
ஒன்பதரை டாலர் பாக்கி என்றேன்.
பாஸ்டன்காரர் நல்லவர்தான், சிரித்தார்.
"கடை என்று இப்போது யார் இருக்கிறார்கள், அம்மா?"

ஒன்றரை டாலரை எண்ணி வைத்துக் கோட்டை எடுத்துக்கொண்டேன்.
டெலிபோன் புத்தகத்தில் வஸ்யூட்டா இருவர்.
ஒரு எண் செத்திருந்தது.
இன்னொருவர், எதையோ விற்க வந்தவள் என்று நினைத்து,
வைத்துவிட்டார்.

எழுத்துகளைக் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டார்கள்.
அவை இருந்த இடத்தில் மட்டும்
முப்பத்தெட்டு வருட அழுக்கு படியவில்லை.
மழை நாளில் நெடுஞ்சாலையிலிருந்தே படிக்கலாம்.

கோட்டு என் காரின் பின்சீட்டில்.
அந்தக் குழந்தைக்கு இப்போது இருபத்தாறு.
ஒன்பதரை டாலர் ஒரு உறையில், தனியாக.