பயண நோக்கம்

தை பாதியில் மேட்டூரை மூடுவார்கள்.
அப்புறம்தான் எனக்கு விடுப்பு.

மூணாறு தலைப்பில்
வெண்ணாறு, கோரையாறு, பாமணி மூன்றுக்கும்
அளவுகோல் பார்த்துக் கணக்கெழுதுகிறவள்
கரீபியன் கடலில் போனேர் என்றொரு தீவுக்குத்
தடையில்லாச் சான்று கேட்டுப் படிவம் நிரப்புகிறேன்.

பயண நோக்கம்: ஒரு வரிதான் இடம்.
'கடலில் மூழ்க' என்றெழுதி
அவசரமாக அடித்தேன்.
'முக்குளிக்க' என்றால்
கண்காணிப்பாளர் கலியபெருமாள் சிரிப்பார்.
சுற்றுலா.

அங்கே படகு வேண்டாமாம்.
சாலையோரம் மஞ்சள் பூசிய கல்,
அதில் துறையின் பேர்.
வண்டியை நிறுத்தி, சிலிண்டரை முதுகேற்றி
நடந்தே இறங்கலாம்.

நாகூர் நாச்சியா துணைக்கு வருகிறாள்.
புதுச்சேரியில் சேர்ந்து கற்றோம்;
எட்டு மீட்டரில் அவளுக்குக் காது வலித்தது,
எனக்கு வயிறு.
இரவு பத்துக்கு அழைக்கிறாள்:
"முதல்ல நீரோட்டத்துக்கு எதிரா நீந்தணும்,
பாதிக் காத்துல திரும்பிடணும்."
எழுதிக்கொள்கிறேன்,
பதினோரு வருஷமாகத்
தண்ணீர் போகிற பக்கமே போனவள்.

நேற்று முறை வைத்துப் பாமணியை அடைத்தோம்.
மதகடியில் முழங்கால் ஆழம் நின்றது.
லஸ்கர் டீக்குப் போன நேரம்
புது முகமூடியை மாட்டிக் குனிந்தேன்.

ஒரே கலங்கல்.
கண்ணாடிக்கு வெகு பக்கத்தில்
ஒரு கெளுத்தி,
மீசை மட்டும் அசைய,
நகராமல் நின்றது.