கடல் எந்தப் பக்கம்

தண்ணீர் வண்டி வராத மூன்றாம் நாள்,
விவேக்நகர் மாடியில்
காலிக் குடங்களுக்கு நடுவே உட்கார்ந்து
கடலுக்குப் போகத் திட்டம் போடுகிறோம்.

மங்களூரிலிருந்து கார்வார் வரை
போன் திரையில் நீலத்தின் ஓரமாகவே
ஓடுகிறது உன் விரல்.
அறுபத்தாறு என்கிறாய்
ஏதோ டவுன் பஸ் நம்பரைச் சொல்வதுபோல.
உடுப்பியில் காபி.
மரவந்தையில் ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல்,
நடுவே துணிக்கொடி மாதிரி ரோடு.
பட்கல் தாண்டினால் மீன் சாப்பாடு,
ஆனால் இரண்டு மணிக்குள் போய்விட வேண்டும்.

எல்லாம் தெரிந்திருக்கிறது உனக்கு.
பதினோரு வருஷத்தில் பத்தொன்பது முறை போயிருக்கிறாய்,
பின்கண்ணாடியில் 'சவரி டிராவல்ஸ்' என்று எழுதிய
ஒரே ஒரு மஞ்சள் போர்டு வண்டியில்,
யார் யாருடைய ஹனிமூனுக்கோ.
ஒருமுறை, அஸ்தி கரைக்க.

கடல் எப்படி இருந்தது என்று
ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறேன்.
மீன் லாரி ஜாஸ்தி, என்பாய்.
கும்டா பக்கம் ரோடு வேலை நடக்குது, என்பாய்.
ஒரே ஒரு தடவை,
பின்சீட்டுப் பொண்ணு அய்யோன்னு கத்துச்சு,
என்னமோன்னு பிரேக் போட்டா
சூரியன் இறங்குதாம், என்றாய்.
நீ பாத்தியா?
பின்னாடி லாரி வந்துச்சு, என்றாய்.

அன்றிரவு பால் கணக்கு நோட்டில்
ஒரு கோடு கிழித்துப் பார்த்தேன்.
வடக்கே போகிற வண்டிக்குக் கடல் இடது கை.
ஸ்டியரிங் வலது கை.
பத்தொன்பது முறையும்
அது அடுத்தவர் ஜன்னலில் இருந்திருக்கிறது.
திரும்பும்போதாவது என்றால்
நேரம் மிச்சமென்று ஹூப்ளி வழியாக வந்துவிடுவாய்.

அதனால்தான், இப்போது சொல்லிவிடுகிறேன்,
செப்டம்பரிலிருந்து வியாழக்கிழமைகளில்
கோயிலுக்கு என்று நான் போனதில்
பாதி கோயிலுக்கு இல்லை.
ஆஸ்டின் டவுன் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.
ஃபிர்தோஸ் என்று ஒருத்தி, என்னைவிடச் சின்னவள்,
கிளட்சை மிதிக்காதே அக்கா, கேளு என்பாள்.
முதல் டெஸ்டில் தோற்றேன்:
இன்ஸ்பெக்டர் கன்னடத்தில் கேட்டார்,
நான் தமிழில் பயந்தேன்.
இரண்டாவதில் அவருக்கே அவசரம்.
ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது லைசென்ஸ்.
எடுத்துப் பார்.

ஷிராடி மலையிறக்கம் உன்னுடையது,
அந்த வளைவெல்லாம் எனக்கு வேண்டாம்.
பி.சி. ரோட்டில் டீ குடித்ததும்
சாவியை மேசைமேல் வை.
அதற்கப்புறம் நீ இடப்பக்கம்.
காலை என்ன செய்வதென்று தெரியாது உனக்கு.
இல்லாத பிரேக்கை மிதிப்பாய். மிதித்துக்கொள்.
மிரர் பாரு, மிரர் பாரு என்பாய்.
பார்க்கிறேன்.
நீ அந்தப் பக்கம் பார்.

லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாய்.
போட்டோவுல ஏன் இப்படி முறைக்கிற?
அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இல்லை.
அப்புறம்,
மரவந்தையில காத்து பலமா அடிக்கும்,
வண்டி லேசா இழுக்கும்,
ரெண்டு கையும் வச்சுக்க.

கீழே ஹாரன். தண்ணீர் வண்டி.
கைக்கு மூன்றாகக் குடங்களைத் தூக்கிக்கொண்டு
படியிறங்கி ஓடுகிறாய்.
திரை அணைந்துவிடாமல்
ஒரு விரலால்
நீலத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கிறேன்.