முன்னுக்கு ஆரு போறது

வாழைச்சேனையில், கடதாசி ஆலைக்குப் போகிற தெருவில்
இம்தாதின் திருத்தகம். ஷட்டர் பாதி இறக்கியாச்சு.
கொடுத்தவர் திரும்பி வராத ஒரு கம்ப்யூட்டர்,
அதற்குள் யாரோ விட்டுப்போன பழைய விளையாட்டு.
ஆறு பேரை நீயே செய் என்கிறது திரை.
செய்த பிறகுதான் கோட்டைக் கதவு திறக்கும்.

ஆறும் வாள்காரர் என்றான் ஜீவகரன்.
"அடிக்கிறவன் இருந்தாப் போதும், மறுகா மத்தவன் என்னத்துக்கு?"
போன வெள்ளி அப்படித்தான் போனோம்.
ஆறு பலசாலிகள், பூட்டின பெட்டி ஒன்று,
திறக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.
வெட்டித் திறந்தான். புகை வந்தது.
நஞ்சு ஏறி ஒவ்வொருவராய்ச் சரிய
மற்றவர்களின் வாள் பக்கத்தில் நின்று பார்த்தது.

ஆகவே இன்றைக்குக் கணக்கு.
மூன்று பகடை, ஆறு குணம்.
பலம் பதினெட்டு விழும்வரை உருட்டு, உருட்டு என்று
நாற்பது தரம், அறுபது தரம்.
ஒருக்கால் எல்லாம் கூட்டித் தொண்ணூற்று மூன்று வந்தது.
மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பார்த்தோம், காற்றில் கலைந்துவிடும் போல.
ஜீவகரனின் விரல்
'ஏற்றுக்கொள்' என்பதற்குப் போகாமல்
பக்கத்தில் இருந்த 'திரும்ப உருட்டு' மேல் விழுந்தது.
அறுபத்தெட்டு.
கொஞ்ச நேரம் ஒருவரும் அவனோடு பேசவில்லை.

கடைசியில் வாள்காரர் இரண்டு.
வைத்தியத்துக்கு ஒருவர்.
எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று திரை கேட்க
இம்தாத் என்னைப் பார்த்தான், நான் ஜீவகரனைப் பார்த்தேன்.
பட்டியலில் எங்களுக்குத் தெரிந்த சாமி ஒன்றும் இல்லை. நிம்மதி.
பரியாரி என்று பேர் வைத்தோம்.
மந்திரக்காரனுக்கு உயிர் நாலே புள்ளி,
பெருச்சாளி கடித்தாலே கதை முடிந்தது.
"இவனை வெச்சி என்ன செய்ற?"
"வளக்கிற" என்றான் இம்தாத்.
பாட்டுக்காரி ஒருத்தி, நாக்கில் தேன் பதினேழு,
அவள் வாய் திறந்தால் கடையில் விலை குறையுமாம்.

எட்டரைக்குத் தவரூபி வந்தாள்,
அண்ணனைக் கூட்டிப்போக. வாகரையில்
நாள் முழுக்க முழந்தாளில் இருந்த தூசி இன்னும் காற்சட்டையில்.
கண்ணிவெடி எடுக்கிற வேலை, மூன்றாவது வருசம்.
ஆறாவது ஆள் கள்ளன் என்றோம்.
"கள்ளி" என்று திருத்தித் தன் பேரையே அடித்தாள்.
பலம் எட்டு விழுந்தது, அப்படியே விட்டாள்.
விரலுக்குப் பதினெட்டு வரும்வரை உருட்டினாள்.

மறுகா வரிசை. முன்னுக்கு இரும்புச்சட்டை,
நடுவில் மந்திரம், வாலில் கள்ளி என்று நாங்கள் அடுக்க
மௌஸை வாங்கித் தன்னைத் தூக்கி முதலில் வைத்தாள்.
மற்ற ஐந்து பேருக்கும் பத்து எட்டு முன்னால்.

"சட்டை போட்டவன்தானே முன்னுக்குப் போகோணும்?"

"அந்தச் சட்டை நானும் போடுறதான், அண்ணா.
அது நடக்கிறதுக்கு இல்ல.
விழுந்தா ஒள்ளுப்பமாவது மிச்சம் கிடைக்கிறதுக்கு."

பிறகு நடந்தோம்.
ஒரு எட்டு. நில். பார்.
ஒரு எட்டு. நில்.
சுறுக்கா போகா, சுறுக்கா என்று சொல்லிச் சொல்லி
ஜீவகரன் மொனிட்டர் பெட்டியில் தலைவைத்துத் தூங்கிப்போனான்.
பதினேழாவது கல்லில் தரை சிவந்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
கதிரையில் இருந்தபடி
காலை மட்டும் மேலே தூக்கிக்கொண்டாள்.

கரண்ட் போனது.

சேமிக்கவில்லை. பரியாரி போனார்,
நாலு புள்ளி மந்திரக்காரன் வளராமலே போனான்.

"ஒருத்தரும் அசையாதீங்க" என்றாள் இருட்டில்.
"தேத்தண்ணிக் கோப்பை கீழ கிடக்கு."

சீமெந்துத் தரையில் விரல்கள் போகிற சத்தம்.
ஒரு சாண், நின்று, ஒரு சாண்.
ஒண்டு. ரெண்டு.
கனநேரம் கழித்து, மூணு.

நாலாவது என் கையில்தான் இருந்தது.
சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்தேன்.