உம்மைத்தொகை

காகிதப்பட்டறையில் காகிதம் இல்லை.
லாட்ஜுக்கு மேலே இரண்டாவது மாடி,
நான்கு கணினி, ஒரு யு.பி.எஸ்.
கீழே வைத்தியத்துக்கு வந்த வங்காளிகள்
மின்விசிறி சுற்றவில்லை என்று
இந்தியில் சண்டை போடுகிறார்கள்.
அச்சுக்குக் கோத்த கோப்புகளை
இணையப் பக்கமாக்கித் தருவது எங்கள் வேலை.
பக்கத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
சூத்திரம் இருந்தால் இருபத்திரண்டு.

இந்த வாரம் எப்சிபா ஞானமணியின் ஆய்வேடு.
ஆற்றங்கரைக் கிணறுகள், குரோமியம்,
இருநூற்றுப் பதினான்கு பக்கம்.

முதல் நாள் ஒரு மீசை அடைப்பு
முப்பத்தேழாம் வரியில் திறந்து
மூடாமலே போய்விட்டது.
அதற்கப்புறம் எல்லாம் சாய்ந்த எழுத்து,
முன்னுரை, நூற்பட்டியல், நன்றியுரை வரைக்கும்
காற்றில் விழுந்த கரும்பு மாதிரி.
கண்டுபிடித்தேன். டீ குடித்தேன்.

இரண்டாம் நாள்
‘படம் ??-ஐப் பார்க்க’ என்றது பக்கம்.
இன்னொரு தடவை ஓட்டு என்றாள் குணசுந்தரி.
ஓட்டினேன், வந்தது.
முதல் தடவையே வந்தால் என்னவாம்?
முதல் தடவை எண்ணுவதற்கு,
அடுத்தது எழுதுவதற்கு, என்றாள்
முறுக்கைக் கடித்தபடி.

மூன்றாம் நாள் இரவு பதினொன்றே முக்கால்.
நூற்று நாற்பத்தெட்டாம் வரி:
உம்மைக்குறி ஒன்று அதிகம்.

அட்டவணை. குறுக்கே ஏழு கிணறு, நெடுக்கே மாதம்.
எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே ஓர் உம்மைக்குறி,
கட்டத்தைப் பிரிக்கும் வேலி.
ஐப்பசி வரியின் தொடக்கத்திலேயே
இரண்டு வேலி ஒட்டி நின்றன.
ஒன்றைப் பிடுங்கினேன்.
சிவப்பு போயிற்று.
முனிரத்தினம் சாருக்குக் கட்டைவிரல் அனுப்பிவிட்டுப்
படுத்தேன்.

பள்ளியில் படித்ததுதான்:
உம் மறைந்து வந்தால் உம்மைத்தொகை.
இரவுபகல் என்றால் இரவும் பகலும்.
மறைந்தாலும் பொருள் கெடாது.
இரண்டு மதிப்பெண்.

காலையில் அனுப்பும் முன் ஒருமுறை உருட்டினேன்.
இருபதாம் கிணறு, ஐப்பசி: வெற்றுக் கட்டம்.

இருபதாம் கிணறு எங்களுடையது.
அந்த ஐப்பசி எனக்குத் தெரியும்.
நனைந்த சல்வாரோடு ஒரு பெண்
புட்டிகளைத் துப்பட்டாவால் துடைத்துத் துடைத்து
எங்கள் கிணற்றில் மொண்டாள்,
கதவிலக்கம் எழுதிக்கொண்டாள்,
அம்மா நீட்டிய டீயை
எந்தத் தண்ணீரில் போட்டது என்று கேட்டுவிட்டு
வாங்கினாள்.
வெறுங்கையோடு போனவள் இல்லை அவள்.

அடிக்குறிப்பில் இருக்கிறது,
பதினான்காம் கிணறு அன்று பூட்டியிருந்ததாம்.
ஒட்டி நின்ற வேலிகளுக்கு நடுவே
இருந்தது அந்தப் பூட்டு.
பாலத்தின் மேல் தினமும் பஸ்ஸில் வருகிறேன்,
கீழே மணல், முள், பையன்களின் கிரிக்கெட்.
தண்ணீர் இல்லையே என்று
பாலத்தை யாரும் சுருக்கிக் கட்டவில்லை.
எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அதிகமாக இருந்தது வேறொன்று.
திரைக்கு வெளியே நீண்ட வரியின் வாலில்
கடைசி எண்ணுக்கும் பின்னால்
எதையும் பிரிக்காமல் நின்றிருந்தது.
இடது கை வலிக்கிறது என்று வருபவருக்கு
நெஞ்சைப் படமெடுத்துப் பார்க்கிற ஊர் இது.
நான் கையை வெட்டியிருந்தேன்.
ஒவ்வொருவர் தண்ணீரும் ஒரு வீடு நகர்ந்து,
எங்கள் விஷம் பத்தொன்பதாம் வீட்டுக்குப் போய்,
ஓர் இரவு முழுக்க
நாங்கள் சுத்தமாக இருந்திருக்கிறோம்.

வாலை நறுக்கினேன், பிடுங்கியதை நட்டேன்.
ஓட்டினேன், இரண்டு தடவை.
பூஜ்யம் புள்ளி ஏழு நான்கு
எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது.
பிழை எதுவுமில்லை என்றது லாக்.
நேற்றிரவும் அதைத்தான் சொன்னது.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.
பாத்திரம் உருளும் சத்தம்.
எந்தத் தண்ணீரில் கழுவுகிறாய் என்றேன்.
காலங்காத்தால இது என்னாடி கேள்வி,
என்றாள்.