ஆறு மாத வாய்தா

செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணிக்கு
ஹாலட்ஸ்வில் நீதிமன்றம் கூடும்.
தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் மடக்கு நாற்காலிகள்,
ஒரு கொடி, ஒரு காபி இயந்திரம், டீசல் வாசம்.
நியூயார்க் என்றதும் வானத்தைப் பார்க்காதீர்கள்.
இது அந்த மாநிலத்தின் வடகோடி,
ஆட்களைவிட மாடுகள் அதிகம்.
நீதிபதி பைனம் பகலில் அவற்றுக்குத் தீவனம் விற்கிறார்.

நான் அரசு செலவில் வாதாடுகிறவன்.
வாரத்துக்கு ஐந்து ஊர், ஐந்து கொட்டகை,
ஒரே கோட்டு.

என் கட்சிக்காரர் லோர்னா டெகிராஃப்,
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார்.
குற்றம்: பொது அமைதிக்குப் பங்கம்.
பிப்ரவரி ஒன்பது, விடியற்காலை நாலே முக்கால்,
வேர்ன் சட்லிஃப் வீட்டு வாசலில் நின்று
இரும்பு வாணலியை ஸ்பேனரால் அடித்தார்.
எத்தனை அடி?
"எண்ணவில்லை" என்கிறார் காவலர் ஆஸ்ட்ராண்டர்.
"நாற்பத்தொன்று" என்று என் காதில் லோர்னா.
பேருந்தில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை.
வாயைத் திறக்காதீர்கள் என்று
அவர் முழங்கையை அழுத்துகிறேன்.

சட்லிஃப் ஊரின் பனி தள்ளும் வண்டிக்காரர்.
தெருவெல்லாம் வழித்த பனி
லோர்னாவின் வாசலில் மதிலாக நிற்கும்.
இந்தக் குளிர்காலத்தில் பதினோரு தடவை.
ஊர் அலுவலகத்துக்கு நாலு கடிதம் போட்டார்.
ஒன்றுக்குப் பதில் வந்தது:
தங்கள் அக்கறைக்கு நன்றி.

என் வாதம் ஒரே சொல்லில் நிற்கிறது:
பொது.
ஒரு வீடு பொதுவா? ஒரு ஜன்னல்?
மேற்கே அறுத்த சோளக்காடு, கிழக்கே உறைந்த ஏரி.
இதில் யாருடைய அமைதி கலைந்தது, கனம் நீதிபதி அவர்களே?

சட்லிஃப் கூண்டேறுகிறார். கூண்டு என்றால் இன்னொரு மடக்கு நாற்காலி.
"உங்களைத் தவிர யாராவது விழித்தார்களா?"
யோசிக்கிறார். நேர்மையான மனிதர், அதுதான் சிக்கல்.
"நாய்."
"நாய் பொதுமக்களில் சேருமா?"
சிரிப்பு. பைனம் கூடத் தாடையைத் தடவுகிறார்.

அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் நான்.
விடை தெரியாத கேள்வியைக் கேட்காதே என்பது
எங்கள் தொழிலின் முதல் பாடம்.
"எவ்வளவு நேரம் தூங்கியிருந்தீர்கள்?"
"இருபது நிமிஷம்.
அதற்கு முன்னால் பத்தொன்பது மணி நேரம் வண்டியில்.
இரண்டாவது ஓட்டுநரைப் போன வருஷமே நிறுத்திவிட்டார்கள்."

காபி இயந்திரம் மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.

"அதை யாரும் என்னிடம் சொல்லவில்லையே"
என்று எழுந்துவிட்டார் லோர்னா.
"நீ ஒரு தடவை கண்ணாடியை இறக்கிச் சொல்லியிருக்கலாம், வேர்ன்."
"நீ ஒரு தடவை கதவைத் தட்டியிருக்கலாம்."
"தட்டினேனே, வாணலியால்."
பைனம் மேஜையைத் தட்டினார். சுத்தியல் இல்லை, ஸ்டேப்ளர்.

தீர்ப்பு என்று சொல்ல முடியாது.
ஆறு மாத வாய்தா.
அதுவரை சத்தமில்லாமல் இருந்தால் வழக்கு தானாகக் கரையும்.
லோர்னா விரல் விட்டு எண்ணினார்:
ஏப்ரல், மே, ஜூன்...
அக்டோபரில் முடிகிறது.
இங்கே முதல் பனி நவம்பரில்.
"சம்மதம்" என்றார், சற்று வேகமாகவே.
பைனமும் எண்ணியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.
அவர் வாசலிலும் பனி விழுகிறது.

சாட்சிப் பொருளைக் கையெழுத்திட்டு வாங்கினார்.
வாணலியின் காதில் மஞ்சள் அட்டை, எண் ஒன்று.
அதைக் கழற்றவில்லை.
பக்கத்து இருக்கையில் வைத்தார், அதன்மேல் ஸ்பேனர்.

குளிர் பெயர்த்த சாலை. குழிக்குக் குழி
கணார், கணார் என்று
ஊரைத் தாண்டிப் போனது அந்தக் கார்.
நானும் ஆஸ்ட்ராண்டரும் படியில் நின்றோம்.
அவர் தன் பூட்ஸைப் பார்த்தார்.
நான் அடுத்த ஊருக்கான கோப்பைத் தேடினேன்.